லொறிக்கு ஒரு துண்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறி எந்த நேரமும் கீழ்ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கும். கொழுந்து இறக்கிவிட்டு வந்தாலும், உர மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தாலும், டிரைவர் அதை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பி, மூக்கு அட்டன் டவுன் பக்கம் பார்க்கும்படி சரிவில் நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார். அந்த இடத்தில் ஒரு லொறியைத் திருப்புவது லேசான வேலை இல்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே எங்கள் ஆபீசின் தகரக் கூரை. அவர் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொள்வேன்.

"ஏண்ணே, வந்த களைப்புக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு அப்புறமா திருப்பக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்புறம்னா எப்ப ஐயா? ஆளு சாகக் கெடக்கையிலயா?" என்றார். சிரிக்கவில்லை.

எல்லாரும் அவரை டிரைவரண்ணன் என்பார்கள். பேர்ப்புத்தகத்தில் மாதாமாதம் அவர் பெயரை எழுதியது நான்தான். ஆனாலும் நினைக்கும்போது அந்தப் பெயர் வருவதில்லை. நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். கழுத்தில் எந்த நேரமும் ஒரு பச்சை மப்ளர். உலக யுத்த காலத்தில் பட்டாளத்து முகாமில் அம்புலன்ஸ் ஓட்டியவர். தோட்டத்துக்கு வந்தது கொழுந்து ஏற்றுவதற்குத்தான். ஆனால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதே லொறிதான். டவுன் ஆஸ்பத்திரியில் ஓர் அம்புலன்ஸ் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கூப்பிட, தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவிலிருந்து டெலிபோன் பண்ண வேண்டும். பண்ணினாலும் அது பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பாலத்துக்கு இந்தப் பக்கம் தோட்டத்து ரோடு, அதில் ஏற அதற்கு உத்தரவு இல்லை. ஆகவே எங்கள் ஆட்களுக்கு அம்புலன்ஸ் என்றால் சாக்கு விரித்த கொழுந்து லொறிதான்.

அவருக்குத் தூரம் என்று ஒன்று கிடையாது. எல்லாமே நிமிடம். "கேட்டுக்கு மூணு நிமிசம், பெரிய வளைவுக்கு ஆறு, பாலத்துக்குப் பதினெட்டு, ஆஸ்பத்திரிக்கு நாப்பத்தஞ்சு" என்று ஒப்பிப்பார். மழையென்றால் பத்து நிமிடம் கூட. கையில் கடிகாரம் கிடையாது. ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்பட்டு, வழியெல்லாம் வாய்க்குள் எண்ணிக்கொண்டே போய், ஆஸ்பத்திரிக் கடிகாரத்தோடு சரிபார்ப்பார். குளிர் காலத்தில் இஞ்சின் முரண்டு பிடிக்கும் என்று லொறியின் முகத்தைச் சாக்குகளால் மூடி வைப்பார். தன் பிள்ளைகளைக்கூட அவர் அப்படிப் போர்த்திவிட்டதில்லை என்று அவர் மனைவி குறைபட்டுக்கொள்வார்.

யாருக்கு என்ன என்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்நேரம் ஆரம்பிச்சிச்சு?" ஒருமுறை ஏழாம் லயத்து வரிசை வீட்டு அக்கா ஒருத்தி தன் புருஷனுக்குத் தலைவலி என்று சொல்லப் போய், இவர் வழக்கம்போல எந்நேரம் ஆரம்பித்தது என்று கேட்க, "எங்க கல்யாணத்தன்னைக்குங்க" என்றாள். மடுவமே சிரித்தது. மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. நோயாளிகளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிவந்து லொறிக்காகக் கிடத்துவதும் அங்கேதான்.

இவ்வளவு தயாராக நின்ற லொறி கேட்டைத் தாண்டி ஓர் அங்குலம் நகர ஒரு துண்டு வேண்டும். துண்டு என்றால் தோளில் போடுவதல்ல, கையகலக் காகிதம். லொறி எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று சின்னக் கிளாக்கரான நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். துரை கையெழுத்துப் போடுவார். கீழே கேட்டில் காவல்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் குறுக்குக் கம்பைத் தூக்குவார். முன்பிருந்த ஒரு டிரைவர் யாருடைய மரக்கறி மூட்டைகளையோ ஏற்றிக்கொண்டு சந்தை வரை போய் மாட்டிக்கொண்டதால் வந்த சட்டம் அது. காவல்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துரையின் கையெழுத்தை மட்டும் எட்டடி தள்ளி நின்றே அடையாளம் சொல்லுவார்.

துரை ஆபீசில் இருந்தால் கவலையில்லை. மலையில் கொழுந்து பார்க்கப் போயிருந்தால் பியூன் ஓடித் தேடிப் பிடிக்க வேண்டும். கிளப்பில் இருந்தால் அவராக வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்த நேரமெல்லாம் டிரைவரண்ணன் இஞ்சினை ஓடவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். துண்டு கைக்கு வந்ததும் பறப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாட்டு வண்டிபோல ஓட்டுவார்.

"கொஞ்சம் வேகமாப் போனா என்னண்ணே?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"எவ்வளவு மிதிச்சாலும் ரோட்டுல அஞ்சு நிமிசந்தான் ஐயா கெடைக்கும். அதுக்காகப் பள்ளத்துல விட்டா ஒரு சாவுக்கு நாலு சாவு. நமக்கு நேரம் போறது ரோட்டுல இல்ல. இங்க." ஆபீஸ் படியைக் காலால் தட்டிக் காட்டினார். நான் அந்தப் படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

துண்டு இல்லாமலே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியதுதானே என்று இன்று சுலபமாகக் கேட்கிறார்கள். என் பிள்ளைகளே கேட்டார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் காலத்தில் வேலை போனால் வேலை மட்டும் போகாது. லயத்தில் குடியிருக்கும் ஒற்றையறைக் காம்பராவும் போகும். எல்லாரும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். விசாரணைக் கடிதம் தோட்டத்து விலாசத்துக்குத்தான் வரும். விலாசம் போனால் இந்த நாட்டு ஆளும் இல்லை, அந்த நாட்டு ஆளும் இல்லை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எனக்கு அதே தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும், அதே மனுவோடு. லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலி வரைக்கும் வந்த முதல் ஆள் நான். அந்த நாற்காலியில் நான் ஒருநாளும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததில்லை.

அப்படிப்பட்ட நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு மாதக் கடைசி. துரைக்கு ஏதோ அவசரம். நான் நீட்டிய தாள்களிலெல்லாம் ஏறிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். மேசைக்கு வந்து பார்த்தால், நான் எழுதிக் கொடுத்த துண்டோடு புத்தகத்தில் அடுத்திருந்த வெறுந்துண்டிலும் கையெழுத்து விழுந்திருந்தது. மேலே ஓர் எழுத்துக்கூட இல்லை. பெரிய கிளாக்கரிடம் காட்டிக் குறுக்கே கோடு போட்டிருக்க வேண்டும். கோடு போடவில்லை. கிழித்து எடுத்துப் பின்னேரம் டிரைவரண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "ஒன்னுதானா ஐயா?"

"ஒன்னுதான். புத்தகத்துல அடிக்கட்டை இருக்கு, நம்பர் இருக்கு. யாராச்சும் ஒப்பிட்டுப் பாத்தா நான் காலி. ஒரு தடவைன்னா தப்பிச்சிக்கலாம்."

"அப்ப பாத்துத்தான் எடுக்கணும்."

சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பைக்கு ஊசியும் குத்திக்கொண்டார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. ஒரு உயிரைச் சட்டைப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பு.

பாத்துத்தான் எடுக்கணும் என்று சொன்னாரே, அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த மாதமே தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ஒருவருடைய கை உருளையில் சிக்கியது. துரை மேல்மலையில் இருந்தார். ஆளைத் துணியில் சுற்றி லொறியில் ஏற்றியாயிற்று. இஞ்சின் ஓடுகிறது. நான் லொறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரைவரண்ணனின் கை சட்டைப் பைக்குப் போனது. ஊசியைத் தொட்டது. திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. பியூன் துரையைக் கண்டுபிடித்துக் கையெழுத்தோடு ஓடிவர முக்கால் மணி நேரம் ஆனது. ஆள் பிழைத்தார். கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"உசுருக்கு மோசமில்லன்னு தெரிஞ்சுச்சு ஐயா. அதான் எடுக்கல" என்றார் மறுநாள். நான் கேட்காமலே சொன்னார்.

அதன் பிறகு அவருடைய பார்வையே மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்நேரம் ஆரம்பித்தது என்று கேட்டுவிட்டு லொறியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். இப்போது தூளிக்குப் பக்கத்தில் குனிந்து நோயாளியின் முகத்தை நெடுநேரம் பார்ப்பார். நாடியைப் பிடிப்பார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். டிரைவரண்ணனுக்கு எவ்வளவு பாசம் என்று லயத்துப் பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். எனக்குத்தான் தெரியும், அவர் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளுக்கா, இல்லை நாளைக்கு வரப்போகிற ஆளுக்கா? நிமிர்ந்து என்னைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். இதுக்கு இல்லை என்று அர்த்தம். அந்தத் தலையசைப்பைக் காணும்போதெல்லாம், நல்ல மனிதரை நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

பிறகு அந்தச் சிறுமி. ஆறு வயதிருக்கும். தொண்டை வீங்கி, மூச்சு விசில் அடித்தது. சனிக்கிழமை பகல் இரண்டு மணி. துரை பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவுக்கு டென்னிஸ் விளையாடப் போயிருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியின் மருந்துக்கார ஐயா வாய்க்குள் பார்த்துவிட்டு, "இங்க வச்சிக்கிட்டு ஒன்னும் செய்ய முடியாது, உடனே கொண்டு போங்க" என்றார். நான் துண்டு எழுதிப் பியூனிடம் கொடுத்து அனுப்பினேன். அந்தத் தோட்டத்துக்கு நடந்துதான் போக வேண்டும்.

தாய், கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கவும் இல்லை. கொழுந்து மலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு லொறியின் பின்புறத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் ஏசவில்லை, அழவுமில்லை. காத்திருந்தாள். எங்கள் பெண்களுக்கு அது நன்றாகப் பழகிய வேலை.

கால் மணி. அரை மணி. டிரைவரண்ணன் இறங்கி என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஐயா, தொரை எப்ப வருவாரு?"

அவர் கேட்டது அதுவல்ல. எடுக்கட்டுமா என்றுதான் கேட்டார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. எடுங்கள் என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். பெரிய கிளாக்கர் உள்ளே மேசையில் இருந்தார். துண்டுப் புத்தகம் அவருக்கு முன்னால் திறந்து கிடந்தது.

"இப்ப வந்துருவாரு" என்றேன்.

அவர் திரும்பிப் போய் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார். பியூன் கையெழுத்தோடு வந்து சேர்ந்தபோது, லொறி இஞ்சினை ஓட்டிக்கொண்டு நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் துணியை இழுத்து முகத்தை மூடிவிட்டாராம். டிரைவரண்ணனுக்கு விளங்கவில்லை. வழியெல்லாம் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லையே, தூங்குகிறாள் என்றல்லவா நினைத்தார். தாய்தான் மெதுவாகச் சொன்னாளாம். "பெரிய வளைவுலயே போயிருச்சுங்கண்ணே. நீங்க பாவம், ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. எப்புடிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

இதை எனக்குச் சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. "ஆறு நிமிசம் ஐயா பெரிய வளைவுக்கு. நாம நின்னது ஒன்னேகால் மணி." அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"ஏண்ணே எடுக்கல?" என்று கேட்டேன். எனக்கு வெட்கமில்லை.

"எடுத்துட்டா அப்புறம் கையில ஒன்னுமிருக்காதே ஐயா. நாளைக்கு இதவிட மோசமா ஒன்னு வந்துச்சுன்னா?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களையும் நெனைச்சேன்" என்றார்.

இதற்கு இரண்டு மாதம் கழித்து, துரை ஸ்டோருக்குள் கொழுந்து வாடவைக்கும் மேல்தட்டில் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருடைய காரைத் துரைசானி டவுனுக்குக் கொண்டு போயிருந்தார். இருந்தது லொறிதான். சரிவில், மூக்கு கீழ்ரோட்டைப் பார்த்து. பெரிய கிளாக்கர் வேட்டி தடுக்க ஓடினார். மருந்துக்கார ஐயா ஓடினார். துரையின் மெத்தையையே கொண்டுவந்து லொறியில் போட்டார்கள். நான் பழக்க தோஷத்தில் துண்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவையும் எடுத்துவிட்டேன். பிறகுதான் கையெழுத்துப் போட ஆளில்லை என்பது உறைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது லொறி போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். துரை விழுந்து பத்து நிமிடம் ஆகவில்லை. காவல்காரர் லொறி வரும் சத்தத்துக்கே கம்பைத் தூக்கிவிட்டாராம்.

துரை பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் எழுந்து நடமாடி ஆபீசுக்கு வந்து, முதல் வேலையாக டிரைவரண்ணனைக் கூப்பிட்டு என்ன வேண்டும் கேள் என்றார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

டிரைவரண்ணன் யோசிக்கவே இல்லை. "நோயாளிய ஏத்துனா துண்டில்லாம போக உத்தரவு குடுக்கச் சொல்லுங்க ஐயா. போயிட்டு வந்து துண்டு வாங்கிக்கிறேன். துண்டுக்கு நின்னுதான் அந்தப் புள்ள செத்துச்சுன்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். துரைக்கு நேரே நின்று உங்களால் ஒரு பிள்ளை செத்தது என்று எப்படிச் சொல்வது? நோயாளிகளைக் கொண்டு போகும்போது நேரம் பிந்திவிடுகிறது என்று இந்த மனிதர் கவலைப்படுகிறார் என்றேன். அவ்வளவுதான் என் ஆங்கிலத்துக்கு வந்தது. துரை மிகவும் நல்லது என்றார். தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார்.

வெளியே வந்ததும், "நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா ஐயா?" என்று கேட்டார்.

"சொன்னேன்" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சட்டைப் பையின் ஊசியைக் கழற்றி, ஈயத்தாள் மடிப்பை எடுத்து என் கையில் வைத்தார். "இது எனக்கு வேணாம். துண்டில்லாமயே லொறி ஓடுதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சிருச்சு. இத வச்சிருந்ததாலதான் நான் நின்னேன். இது இல்லாட்டி அன்னைக்கு அந்தப் புள்ளையக் கொண்டு போயிருப்பேனோ என்னமோ" என்றார். நான் அதை மேசை லாச்சியை இழுத்து உள்ளே தாள்களுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம்கூடப் போகவில்லை. நான்காம் லயத்தில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை என்று தூளி கட்டிக் கொண்டுவந்தார்கள். காலை பத்து மணி, துரை மலையில். டிரைவரண்ணன் எந்நேரம் ஆரம்பித்தது என்று கேட்டார். முகத்தைக் குனிந்து பார்க்கவில்லை. ஏற்றச் சொன்னார். நான் துண்டு எழுதிப் பியூனைக் கூப்பிடுவதற்குள் லொறி சரிவில் உருண்டுவிட்டது.

கேட்டில் காவல்காரர் கம்பைத் தூக்காமல் கையை நீட்டினாராம். டிரைவரண்ணன் இஞ்சினை நிறுத்தாமல் கேட்டாராம்: "தொரையக் கொண்டு போனப்ப வாங்குனியா?" கம்பு மேலே போனது. லொறி கண்ணுக்கு மறைந்ததும் காவல்காரரே பங்களாவுக்கு நடந்து போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் ஒரு காம்பரா இருந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது.

மறுநாள் காலை விசாரணை. பெரிய கிளாக்கர் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, நேத்து லொறிக்கு நீ துண்டு ஏதும் குடுத்தியா? இருந்தா இப்பவே காட்டிரு. அவனுக்கும் நல்லது." அவரும் ஒரு வழியைத் தேடிக்கொண்டுதான் கேட்டிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. கையெழுத்து விழுந்த துண்டு லாச்சியில் இருந்தது. தேதியையும் ஆஸ்பத்திரி என்பதையும் எழுத ஒரு நிமிடம் போதும். முன்கூட்டியே வாங்கி வைத்தது என்று சொல்லியிருக்கலாம். துரை நம்பியிருப்பாரோ மாட்டாரோ, பேசிப் பார்க்க ஒரு பிடி கிடைத்திருக்கும். என் கை லாச்சி வரை போனது. நம்பர் நினைவுக்கு வந்தது. அப்பாவின் மனு நினைவுக்கு வந்தது.

"இல்லீங்க" என்றேன்.

துரை ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. வருத்தமாகத்தான் பேசினார். தன்னைக் காப்பாற்றியவன் என்பதற்காக விட்டுவிட்டால் நாளைக்குச் சட்டத்தை யார் மதிப்பார்கள் என்றார். சங்கத்துத் தலைவர் வந்து, அனுமதியில்லாமல் வாகனத்தை எடுத்தது என்று எழுதினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டுப் போனார். வேலை நீக்கச் சீட்டை டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. அடித்தேன். ஒரு பிழைகூட விடவில்லை.

அதை வாங்கிக்கொள்ள டிரைவரண்ணன் ஆபீஸ் படியில் வந்து நின்றார். கையில் துரை கொடுத்த கடிகாரம்.

"என்ன எழுதியிருக்கு ஐயா?"

படித்துத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மாற்றவில்லை.

"அந்தப் பொம்பள பொழைச்சது எழுதலையா?"

"அதுக்கு இதுல எடமில்லண்ணே."

"தொரை கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆச்சு?"

தாளை அவரிடம் நீட்டினேன். "உடனே போட்டுட்டாரு."

சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நாப்பத்திமூணு நிமிசம் ஐயா நேத்து. மடுவத்துலேருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும். கடியாரத்துல பாத்தேன்" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு படி இறங்கியவர் நின்றார்.

"அந்தத் துண்டு இன்னும் இருக்கா ஐயா?"

நான் எதிர்பார்த்திருந்த கேள்விதான். கேட்டுவிட்டால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்காக எடுக்கலைன்னு வெசனப்படாதீங்க. எனக்கு என்ன, உசுரா போச்சு? ஆனா வேற யாராச்சும் மடுவத்துல கெடந்தா யோசிக்காம எடுத்துருங்க. மொகத்தப் பாக்காதீங்க. பாக்க ஆரம்பிச்சா எடுக்கவே மாட்டீங்க."

அன்று பின்னேரமே மூன்று பெண் பிள்ளைகளும் தலையில் ஆளுக்கொரு மூட்டையோடு கீழ்ரோட்டில் இறங்கிப் போனார்கள். அவர் மனைவி சட்டிபானையைச் சுமந்துகொண்டு பின்னால் போனார். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போனதாகச் சிலர் சொன்னார்கள், இந்தியாவுக்கே போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள். பிரஜாவுரிமை விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டு வந்த கடிதத்தை, இந்த விலாசத்தில் ஆளில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தேன். அந்தப் பதினொரு மாதத்தில் நான்கு பேர் துரையின் கையெழுத்துக்காக மடுவத்தில் காத்துக் கிடந்தார்கள். நான்கு முறையும் லாச்சியைத் திறந்தேன். நான்கு முறையும் ஆபீசை விட்டு இறங்கிப் போய் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். மூன்று பேர் பிழைத்துக்கொண்டார்கள்.